கட்டற்ற ஆப் லாஞ்சர், தட்டச்சு வெளியே போகாமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீபோர்டில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வரும். ஆப்பின் பெயரில் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து என்டர் தட்டினால் அது திறந்துவிடும். ஆப் லாஞ்சர் என்பது இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் எதைத் திறக்கவும் எதைத் தேடவும் நாம் முதலில் தட்டச்சு செய்யும் இடம் இதுதான் என்பதால், அந்த எழுத்துகள் எங்கே போகின்றன என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஸ்டார்ட் மெனு இருக்கும்போது தனியாக லாஞ்சர் எதற்கு?

பலருக்குத் தேவையே இல்லை. லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் சூப்பர் கீயை (விண்டோஸ் குறி உள்ள பட்டன்) தட்டித் தேடலாம். இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஈ பிளாஸ்மாவில் கே-ரன்னர் என்ற லாஞ்சர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் வரும். இரண்டுமே கட்டற்ற மென்பொருள்தான், அதாவது மூலநிரல் (கோட்) திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ். புதிதாக ஒன்றை நிறுவும்முன் இருப்பதன் செட்டிங்ஸைத் திறந்து, எதை எதையெல்லாம் அது தேடுகிறது என்று பார்த்து, வேண்டாததை அணைத்துவிடுங்கள். அதோடு பாதிப் பேரின் தேடல் முடிந்துவிடும்.

தனி லாஞ்சர் உதவுவது வேறு வகை ஆட்களுக்கு: முழு டெஸ்க்டாப் இல்லாமல் ஐ3, ஸ்வே போன்ற விண்டோ மேனேஜர் மட்டும் வைத்திருப்பவர்கள் (அங்கே மெனுவே கிடையாது), விண்டோஸின் தேடலில் வெறுத்துப்போனவர்கள், மவுஸைத் தொடாமல் நாள் முழுக்க வேலை செய்ய விரும்புகிறவர்கள்.

ஆப்பைத் திறக்கும் பெட்டியில் பிரைவசிப் பிரச்சினை எங்கிருந்து வருகிறது?

நாம் அங்கே ஆப் பெயரை மட்டுமா அடிக்கிறோம்? கோப்பின் பெயர், ஆளின் பெயர், நோயின் பெயர், பாதி நினைவிருக்கும் ஒரு சொல் என்று எல்லாம் அடிக்கிறோம். பெட்டியோ என்டர் தட்டும்வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் புதிதாகத் தேடுகிறது. அந்தத் தேடலில் இணையமும் சேர்ந்திருந்தால், அடித்துவிட்டு மனம் மாறி அழித்த சொல்லும்கூட வெளியே போயிருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10 என்ற லினக்ஸில், அதன் டெஸ்க்டாப்பான யூனிட்டியின் டேஷ், அதாவது ஆப்களையும் கோப்புகளையும் தேடும் அதே பெட்டி, தட்டச்சு செய்ததை உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அமேசான் பொருள்களையும் முடிவுகளோடு சேர்த்துக் காட்டியது. உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பைத் தேடினால் பக்கத்தில் விற்பனைக்குப் பொருள் வந்து நின்றது. இணைய உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் கண்டனம் எழுதியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வேவு மென்பொருள் என்றே சொன்னார். அணைக்கும் வழி செட்டிங்ஸில் இருந்தது, ஆனால் இயல்பாக ஆன் ஆகவே வந்தது. அதை இயல்பாகவே அணைத்து வைக்க 2016-இன் 16.04 வரை ஆயிற்று.

2014-இல் மேக்கிலும் இதே சர்ச்சை. யோசெமிட்டி பதிப்பில் ஸ்பாட்லைட் தேடல் சொல்லையும் இருப்பிடத்தையும் ஆப்பிளுக்கு அனுப்புகிறது என்று தெரிந்ததும் பலர் அவசர அவசரமாக அணைத்தார்கள். விண்டோஸின் ஸ்டார்ட் மெனுத் தேடலில் பிங் முடிவுகள் வருவதை தினமும் பார்க்கிறோம். நாம் அடித்தது அங்கே போகாமல் அவை வர வழியில்லை.

அப்படியென்றால் ஓப்பன் சோர்ஸாக இருந்தால் போதும், சரிதானே?

இல்லை. மேலே சொன்ன யூனிட்டி முழுக்க முழுக்க ஓப்பன் சோர்ஸ். கோட் எல்லோர் கண்முன்னும் இருந்தது, தேடல் சொற்கள் வெளியேயும் போயின. மூலநிரல் திறந்திருப்பது ஒன்று, தரவு வீட்டிலேயே இருப்பது வேறொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவதைச் சோதித்துப் பார்க்க முடியும், அவ்வளவுதான். என் கணக்கில் லாஞ்சரைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமத்துக்கு அடுத்து உடனே பார்க்க வேண்டியது, நிறுவிய கையோடு எதுவெல்லாம் ஆன் ஆக வருகிறது என்பதுதான்.

இன்னொரு குழப்பம்: கோடைப் போட்டு வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு பக்கம் இருப்பதாலேயே எதுவும் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. சில லாஞ்சர்களுக்கு அங்கே பிழை சொல்லும் பக்கம் மட்டும் இருக்கும், கோட் இருக்காது. சிலவற்றில் கோட் தெரியும், ஆனால் உரிமத்தில் மாற்றி வெளியிட அனுமதி இருக்காது. ரேகாஸ்ட் என்ற லாஞ்சரின் எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் பிளகின்கள்) பொதுவில் இருக்கின்றன, ஆப் மூடியதுதான். லைசென்ஸ் கோப்பைத் திறந்து, எம்ஐடி, ஜிபிஎல், அப்பாச்சி போன்ற பழகிய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "சொந்த உரிமம்" என்றிருந்தால் நின்று நிதானமாகப் படியுங்கள்.

எனக்குக் கோட் படிக்கத் தெரியாது. திறந்திருந்து எனக்கு என்ன லாபம்?

முதல் லாபம், செய்தவர் விட்டுப்போனாலும் பொருள் சாகாது. மேக்கின் குயிக்சில்வர் என்ற லாஞ்சர் 2003-இல் வந்தது. 2007-இல் அதன் கோட் திறந்துவிடப்பட்டது. அதனால்தான் இன்றும் தன்னார்வலர்கள் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸில் வாக்ஸ் என்ற லாஞ்சர் தேங்கி நின்றபோது அதிலிருந்து கிளைத்து வந்ததுதான் ஃபுளோ லாஞ்சர். மூடிய மென்பொருளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டாவது, கோட் தெரியாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தின் தேடல் பெட்டியில் "டெலிமெட்ரி" (telemetry), "அனலிட்டிக்ஸ்" (analytics) என்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள்; இரண்டும் பயன்பாட்டுத் தகவலைச் செய்தவர்களுக்கு அனுப்புவதைக் குறிப்பவை. கோடிலும் வரும், பயனர்கள் எழுப்பிய புகார்களிலும் வரும். யாராவது ஏற்கெனவே சண்டை போட்டிருந்தால் அதைப் படித்தாலே விஷயம் புரிந்துவிடும். கேள்விக்குச் செய்தவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதும் தெரியும்; அதை நான் கோடுக்குச் சமமாக மதிப்பேன்.

லினக்ஸில் எதைப் போடலாம்?

க்னோமும் கேடிஈயும் போதாது என்றால் முதலில் ரோஃபி. எம்ஐடி உரிமம், சி மொழியில் எழுதியது, எல்லா முக்கிய டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் வகைகளின்) மென்பொருள் களஞ்சியத்திலும் கிடைக்கும். ஆப் திறக்கும், திறந்திருக்கும் விண்டோக்களுக்கு இடையே தாவும், வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் முகவரிகளைக் காட்டும். தானாக எங்கேயும் பேசாது. கூப்பிட்டால் வரும், வேலை முடிந்ததும் மறைந்துவிடும். பின்னணியில் சதா ஓடிக்கொண்டிருப்பதில்லை. லினக்ஸில் திரையையும் விசைகளையும் கையாளும் பழைய அமைப்பு எக்ஸ்11, புதியது வேலேண்ட். ரோஃபி நீண்ட நாள் எக்ஸ்11-இல் மட்டும் இருந்தது, வேலேண்டுக்கு ஒரு தனிக் கிளை இருந்தது, 2.0 பதிப்பில் அது மூலத்திலேயே சேர்ந்துவிட்டது.

வேலேண்டில் ஓடும் ஸ்வே, ஹைப்பர்லேண்ட் போன்றவற்றை வைத்திருக்கும் ஆட்களுக்கு ஃபஸ்ஸெல் நன்றாக இருக்கும். சின்னது, வேகமானது, ஒரே ஒரு செட்டிங்ஸ் கோப்பு.

டி-மெனுவைச் சொல்லாமல் விடமுடியாது. இந்தக் குடும்பத்தில் மிகச் சிறியது. செட்டிங்ஸ் கோப்பு என்று ஒன்று கிடையாது. நிறம், எழுத்துரு போன்ற சிலவற்றைக் கூப்பிடும் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கலாம். நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் மூலநிரலின் ஹெடர் கோப்பைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய (நிரலாக மாற்ற) வேண்டும். அதில் சுகம் காண்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் தள்ளி நிற்பதே நல்லது.

அழகும் வேண்டும், பிளகின்களும் வேண்டும் என்றால் யூ-லாஞ்சர். பைத்தான், ஜிபிஎல் 3. வீட்டில் புதிதாக லினக்ஸுக்கு வந்தவருக்குப் போட்டுக்கொடுக்க ஏற்றது. அதன் எக்ஸ்டென்ஷன்களைப் பற்றிக் கீழே தனியாகப் பேசவேண்டும்.

விண்டோஸில்?

ஃபுளோ லாஞ்சர்தான் என் தேர்வு. எம்ஐடி உரிமம், சுறுசுறுப்பான வளர்ச்சி, விண்டோஸின் நிறுவும் கருவியான விங்கெட் வழியாகவே நிறுவலாம். நிறுவியதும் செய்யவேண்டிய வேலை ஒன்று: செட்டிங்ஸில் பிளகின் பட்டியலைத் திறந்து, இணையத் தேடல் பிளகினில் "பரிந்துரைகள்" ஆன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் கூகுளிலோ டக்டக்கோவிலோ தேடலாம். என்டர் தட்டினால் பிரவுசர் திறக்கும். எழுத்துக்கு எழுத்து மட்டும் போகாது.

அதோடு சேர்த்துப் பலரும் எவ்ரிதிங் என்ற கோப்புத் தேடியை வைத்துக்கொள்கிறார்கள். பிரமாதமான கருவி, இலவசம், ஆனால் அதன் மூலநிரல் வெளியிடப்படவில்லை. முழுக்கக் கட்டற்றதாகவே வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துவிட வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட்டின் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸும் ஓப்பன் சோர்ஸ்தான். அதில் 2020-இல் வந்த பவர்டாய்ஸ் ரன் என்ற லாஞ்சர் வாக்ஸிலிருந்து பிறந்தது. 2025-இல் அதன் அடுத்த வடிவமாகக் கமாண்ட் பேலட் வந்தது. ஆபீஸ் மெஷினில் வேறெதையும் ஐடி துறை அனுமதிக்காது என்றால் இதைப் போடலாம். பொது செட்டிங்ஸ் பக்கத்தில் கண்டறிதல் தரவு அனுப்பும் சுவிட்ச் இருக்கிறது, அது அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யூஎலி என்ற லாஞ்சர் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். பிரவுசரை உள்ளே வைத்து ஆப் செய்யும் எலக்ட்ரானில் செய்தது, அதனால் ஒரு சின்னப் பெட்டிக்காக குரோமியம் என்ற ஒரு முழு பிரவுசரே நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய மடிக்கணினியில் வேண்டாம்.

மேக்கில்?

குயிக்சில்வர் அல்லது சோல். முன்னது பழையது, ஆழமானது, பழக நாளாகும். பின்னது புதியது, பார்க்க ஸ்பாட்லைட் மாதிரி. இரண்டும் மேக்கில் ஆப் நிறுவும் கருவியான ஹோம்ப்ரூவில் கிடைக்கும். ஆல்ஃபிரெட் நல்ல ஆப்தான், ஆனால் இந்தக் கேள்விக்கு வராது, கோட் மூடியது.

மேக்கில் அனுமதி கேட்கும் பெட்டிகளைக் கவனியுங்கள். ஷார்ட்கட் கீ வைப்பதற்கு மட்டும் அக்சசிபிலிட்டி அனுமதி தேவையில்லை. கேட்டால், வேறு ஆப்புக்குள் பேஸ்ட் செய்யவோ விண்டோவை நகர்த்தவோதான் இருக்கும்; அந்த வசதி உங்களுக்கு வேண்டுமா என்று யோசித்துக் கொடுங்கள். முழு டிஸ்க் அனுமதி கேட்டால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

பிளகின்கள் ஆபத்தா?

லாஞ்சர் கசிவதைவிடப் பிளகின் வழியாகக் கசிவதற்கே வாய்ப்பு அதிகம். காரணம் எளிது. லாஞ்சரின் கோடைப் பல பேர் பார்த்திருப்பார்கள். பிளகின், யாரோ ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதி கிட்ஹப்பில் போட்டுவிட்டு மறந்ததாக இருக்கலாம். ஆனால் ஓடும்போது அதற்கும் உங்கள் பயனர் கணக்கின் முழு உரிமையும் கிடைக்கிறது. யூ-லாஞ்சரில் எக்ஸ்டென்ஷன் என்பது தனியாக ஓடும் ஒரு பைத்தான் நிரல். அது உங்கள் ஆவணங்களைப் படிப்பதைத் தடுக்க நடுவில் எதுவும் நிற்பதில்லை. ஃபுளோவிலும் இதே நிலைதான்.

அதனால் எண்ணிக்கையைக் குறையுங்கள். கால்குலேட்டர், விண்டோ மாற்றம், கோப்புத் தேடல் போன்றவை பெரும்பாலும் உள்ளேயே வருகின்றன. வெளியிலிருந்து போடுவதாக இருந்தால் அதன் கோடைத் திறந்து பாருங்கள். லாஞ்சர் பிளகின்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோப்புகள்தான். அதில் இருக்கும் இணைய முகவரிகளை மட்டும் தேடி எடுத்தால்கூட, எங்கெல்லாம் பேசுகிறது என்று பெருமளவு தெரிந்துவிடும். மொழிபெயர்ப்புப் பிளகின் மொழிபெயர்ப்புச் சேவையிடம் பேசினால் இயல்பு. எமோஜி தேடும் பிளகின் ஏன் சர்வரிடம் பேசுகிறது என்பது கேட்கவேண்டிய கேள்வி.

நெட்டே தொடாத லாஞ்சர்தான் நல்லதா?

அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. என்ன போகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கே-ரன்னரில் கரன்சி மாற்றம் செய்தால், அது ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் விகிதப் பட்டியலை மொத்தமாக இறக்கிக்கொண்டு கணக்கை உங்கள் கம்ப்யூட்டரிலேயே போடுகிறது. நீங்கள் எத்தனை ரூபாயைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்று வங்கிக்குத் தெரியாது. இப்படிப்பட்ட வடிவமைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. (அந்தப் பட்டியலில் இந்திய ரூபாய், சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட் எல்லாம் உண்டு. இலங்கை ரூபாய் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.)

கிளிப்போர்டு ஹிஸ்டரி வசதியை ஆன் செய்யலாமா?

வசதி பெரிது, அபாயமும் பெரிது. காப்பி செய்த பாஸ்வேர்ட், ஓடிபி, ஆதார் எண் எல்லாம் வரிசையாக ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். கீபாஸ்-எக்ஸ்சி போன்ற பாஸ்வேர்ட் மேனேஜர்கள் காப்பி செய்யும்போது "இது ரகசியம், சேமிக்காதே" என்று ஒரு குறியையும் சேர்த்து வைக்கின்றன. சில நொடிகளில் கிளிப்போர்டை அழித்தும் விடுகின்றன. ஆனால் அந்தக் குறியை மதிப்பது ஹிஸ்டரி வைத்திருக்கும் ஆப்பின் கையில் இருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கீபாஸ்-எக்ஸ்சியில் ஒரு பொய்ப் பாஸ்வேர்டை உருவாக்கிக் காப்பி செய்யுங்கள், பிறகு லாஞ்சரின் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். அங்கே அது இருந்தால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள், வாதமே வேண்டாம்.

லாஞ்சர் வெளியே பேசுகிறதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு ஆப்பின் இணைப்பையும் காட்டி அனுமதி கேட்கும் ஃபயர்வால் ஒன்றைச் சில நாள் ஓட்டுங்கள். லினக்ஸில் ஓப்பன்ஸ்னிட்ச், மேக்கில் லூலூ, விண்டோஸில் சிம்பிள்வால். மூன்றும் ஓப்பன் சோர்ஸ். லாஞ்சரைத் திறந்து மெதுவாக ஒரு சொல்லை அடியுங்கள். எழுத்துக்கு எழுத்து இணைப்புக் கேட்டால் விடை கிடைத்துவிட்டது. தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் புதிய பதிப்பு இருக்கிறதா என்ற விசாரிப்பு. களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் அதையும் அணைக்கலாம், பதிப்பைக் களஞ்சியமே பார்த்துக்கொள்ளும்.

சிலர் நிரலை அடைத்து வைத்து ஓட்டும் ஃபயர்ஜெயில் என்ற லினக்ஸ் கருவியை வைத்து லாஞ்சருக்கு நெட்டையே துண்டித்துவிடப் பார்ப்பார்கள். யோசனை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் லாஞ்சர் திறக்கும் ஆப்கள் பொதுவாக அதன் பிள்ளை நிரல்களாகவே பிறக்கின்றன. தாய்க்கு நெட் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. அதன் வழியாகத் திறந்த பிரவுசர் "இணைப்பு இல்லை" என்று நிற்கும், நீங்கள் ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஃபயர்வாலில் அந்த ஒரு நிரலை மட்டும் தடுப்பதே சரியான வழி.

தமிழில் தேட முடியுமா?

முடியும், ஆனால் எல்லாவற்றிலும் சமமாக இல்லை. டி-மெனு எழுத்தை வரையும் முறையில் தமிழுக்குத் தேவையான எழுத்துச் சேர்க்கை இல்லை. அதனால் "கொ" என்பதன் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் உட்காராது. ரோஃபி எழுத்துகளை வரிசைப்படுத்தி வரையும் பாங்கோ என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

ஆப் பெயரைப் பொறுத்தவரை, லினக்ஸில் ஒவ்வொரு ஆப்புக்கும் டெஸ்க்டாப் என்ற நீட்டிப்புள்ள ஒரு சிறு உரைக்கோப்பு இருக்கும். பெயர், ஐகான், தேடுசொற்கள் எல்லாம் அதில்தான். அதை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் .local/share/applications ஃபோல்டருக்குப் படியெடுத்து, தேடுசொல் (Keywords) வரியில் "கணக்கு" என்றோ "கடிதம்" என்றோ சேர்த்துவிட்டால், அந்தச் சொல்லை அடித்ததும் லிப்ரெஆபீஸ் வந்து நிற்கும். ரோஃபி அந்த வரியையும் சேர்த்தே தேடுகிறது. வயதான அப்பா அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுப்பவர்கள் செய்து பார்க்கவேண்டிய வேலை இது.

வேலேண்டில் ஷார்ட்கட் கீ வேலை செய்யவில்லையே?

அது கோளாறு இல்லை. எக்ஸ்11-இல் எந்த ஆப்பும் எல்லா விசை அழுத்தங்களையும் ஒட்டுக்கேட்க முடியும்; வேலேண்ட் அதை வேண்டுமென்றே அடைத்துவிட்டது. டெஸ்க்டாப்பின் கீபோர்டு செட்டிங்ஸில் புது ஷார்ட்கட் ஒன்றை உருவாக்கி, லாஞ்சரைத் திறக்கும் கட்டளையை அங்கே கொடுங்கள். யூ-லாஞ்சருக்கு இதற்கென்றே, திறக்கவும் மூடவும் உதவும் டாகிள் கட்டளை (ulauncher-toggle) ஒன்று உண்டு.

எதுவும் வெளியே போகவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே என்ன பதிவாகிறது?

எதை அடிக்கடி திறக்கிறீர்கள் என்ற கணக்கு. அதை வைத்துத்தான் உங்களுக்குப் பிடித்த ஆப் மேலே வருகிறது. ரோஃபியில் அந்தக் கோப்பைத் திறந்தே பார்க்கலாம்: ஹோமுக்குள் மறைந்திருக்கும் கேச் ஃபோல்டரில் ரோஃபி என்று தொடங்கும் பெயரில் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், பக்கத்தில் ஆப்பின் பெயர், அவ்வளவுதான். ஆனால் கட்டளைகளை நேரடியாக ஓட்டும் ரன் முறையில் நீங்கள் அடித்த முழுக் கட்டளையும் இப்படிப் பதிவாகும். பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்து அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கோப்பை ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம். ஹிஸ்டரியே வேண்டாம் என்று செட்டிங்ஸில் சொல்லிவிடவும் முடியும்.

பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிட்டால் போதுமா?

ஆப் போய்விடும், அது சேர்த்து வைத்தது போகாது. லினக்ஸில் கான்ஃபிக், கேச், லோக்கல் ஷேர் என்ற மூன்று மறைந்த ஃபோல்டர்களிலும், விண்டோஸில் ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டரிலும், மேக்கில் லைப்ரரியின் ஆப்ளிகேஷன் சப்போர்ட்டிலும் அந்த லாஞ்சரின் பெயரைத் தேடி அழித்துவிடுங்கள். கிளிப்போர்டு ஹிஸ்டரியை ஆன் செய்து வைத்திருந்தவர்கள், ஆப்பை நீக்கும்முன் அதற்குள்ளேயே ஹிஸ்டரியை அழித்துவிட்டு அப்புறம் நீக்குங்கள்.